அடுத்த வரி நோபுவுடையது

பவானிபூரில் நாங்கள் குடியிருந்த சந்துக்குச் சாயங்காலம் மூக்கு வழியாகத்தான் வரும். வீட்டுக்கு வீடு 'உனுன்' என்னும் மண் அடுப்பில் நிலக்கரி போட்டு மூட்டுவார்கள். குளிர்காலத்தில் அந்தப் புகை மேலே போக மனமில்லாமல் சந்திலேயே படுத்துக்கொண்டு, வந்து போகிறவர்கள் கண்ணையெல்லாம் எரிய வைக்கும். அதற்குப் பிறகு சங்கு. விளக்கேற்றியதும் வங்காளி வீட்டுப் பெண்கள் சங்கு ஊதுவது அங்கே மங்கல வழக்கம். ஆனால் என் அம்மா வளர்ந்த தஞ்சாவூர்ப் பக்கத்தில் சங்கு கேட்டால் தெருவில் பாடை வருகிறது என்று அர்த்தம். கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்த புதிதில் தினமும் அந்தி நேரத்தில் "யார் போயிட்டா?" என்று கேட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடுவாளாம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதற்கு அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. வருஷக்கணக்காகப் பழகிய பிறகும் அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அது ஓய்ந்த பிறகுதான் மறுபடி வேலையைத் தொடுவாள்.

சங்கு ஓய்ந்ததும் 'பொரா' தொடங்கும். வங்காளியில் படிப்புக்கு அப்படிப் பெயர். படிப்பு என்றால் அந்தக் காலத்தில் வாய்விட்டுப் படிப்பது. பள்ளிக்கூடத்துப் பையன் இல்லாத வீடே எங்கள் சந்தில் இல்லை என்பதால் ஒரு ஜன்னலிலிருந்து முக்கோணங்களும், இன்னொன்றிலிருந்து மொகலாய ராஜாக்களும், மூன்றாவதிலிருந்து சமஸ்கிருத விகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, சந்து முழுவதும் தேன்கூட்டைத் தட்டிவிட்டதுபோல் ஒரே இரைச்சலாக இருக்கும். உதடு அசையாமல் ஒரு பையன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் தூங்குகிறான், இல்லாவிட்டால் நாவல் படிக்கிறான் என்றுதான் பெரியவர்கள் தீர்மானிப்பார்கள். ஐரோப்பாவில் இரண்டாவது பெரிய யுத்தம் மூள்வதற்குச் சற்று முந்திய வருஷங்கள் அவை. எனக்குப் பத்து வயது இருக்கும். வரன் பார்க்க வேண்டும் என்று ஊரிலிருந்து சொல்லியனுப்ப ஆரம்பித்திருந்தார்கள், அப்பாதான் காதில் போட்டுக்கொள்ளாமல் என்னைப் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குக் கார்டன் ரீச்சில் ரயில் ஆபீஸில் குமாஸ்தா வேலை. ஆபீஸ் விட்டு, கிதிர்பூர் வரை நடந்து, டிராம் பிடித்து வீடு சேர்ந்து, கை கால் கழுவிக்கொண்டு கூடத்துச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினாரானால், காது மட்டும் எழுந்து அண்ணாவின் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். குரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை பேச மாட்டார். நின்றால் இருமுவார். அது நெஞ்சில் சளி கட்டி வந்த இருமல் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த இருமலுக்குப் பயந்தே என் அண்ணா சாமா ஒரு வித்தையில் கைதேர்ந்திருந்தான். வாயைப் படிக்க விட்டுவிட்டு, மனசைப் பந்து விளையாட மைதானத்துக்கு அனுப்பிவிடுவான். கால்புள்ளி அரைப்புள்ளி பிசகாமல் ஒரு பக்கம் முழுவதையும் உரக்கப் படித்து முடிப்பான். அதில் என்ன இருந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான்.

மற்றப் பாடங்களில் இந்த வித்தை செல்லுபடியாயிற்று, ஏனென்றால் அவற்றையெல்லாம் நெட்டுருப் போட்டுவிடலாம். மெட்ரிகுலேஷன் இங்கிலீஷ் பரீட்சையில் ஒரு கேள்வி மட்டும் இந்தத் தந்திரத்துக்கு மசியவில்லை. யாரும் முன்னே பின்னே பார்த்திராத ஒரு பகுதியைக் கொடுத்து, படித்துப் புரிந்துகொண்டு பதில் எழுதச் சொல்வார்கள். அண்ணா அதைப் 'பாஸேஜ்' என்பான்; சொல்லும்போதே முகத்தில் எண்ணெய் வடியும். முதல் தடவை அவன் தவறியது அந்தப் பாஸேஜால்தான். இன்னும் ஒரே தடவைதான் பணம் கட்டுவேன், அதிலும் போனால் துறைமுக ஜெட்டியில் இறங்குகிற மூட்டைகளைக் குறித்துக்கொள்ளும் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணா அதை மறந்திருப்பான். சாதம் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

நாங்கள் இருந்தது ஒரு பெரிய வீட்டின் பாதியில். வீட்டுக்குச் சொந்தக்காரர்களான சகோதரர்கள் பாகம் பிரித்துக்கொண்டபோது, வீட்டை நட்ட நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் வைத்து அறுத்து, இரண்டு பாதியையும் வாடகைக்கு விட்டுவிட்டார்கள். அந்தச் சுவர் அண்ணாவின் அறை நடுவே ஓடியது. அதாவது அவன் அறையின் மறு பாதி அடுத்த வீட்டில் இருந்தது. காற்றுக்காகச் சுவரின் மேல்பக்கம் விட்டிருந்த துவாரத்தைக் 'குல்குலி' என்பார்கள். அதில் புறா வரும், பக்கத்து வீட்டுக் கடுகெண்ணெய் வாசனை வரும், நோபுவின் குரலும் வரும்.

நோபு பக்கத்து வீட்டு ஒரே பிள்ளை. அவன் அப்பா ஆலிப்பூர் கோர்ட்டில் எழுத்தர், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபடி இருக்கிற மனிதர். அவன் அம்மாவை நான் 'மாஷிமா' என்று கூப்பிடுவேன். அங்கே அம்மாவின் சிநேகிதிகள் எல்லோருமே சின்னம்மாதான். நோபுவும் அண்ணாவும் ஒரே வகுப்பு. அண்ணா தவறிய அதே வருஷம் நோபு காய்ச்சலில் விழுந்து பரீட்சைக்கே போகாததால், இரண்டு பேரும் மறுபடி சேர்ந்து எழுதுவது என்று ஏற்பாடாகி, ஏதோ தீர்த்த யாத்திரை போகப் போகிறவர்கள்போல் அதில் ஒரு சந்தோஷம்கூட வந்துவிட்டது. பாஸேஜுக்கு வழி கண்டுபிடித்தவன் நோபு. இரண்டு பேரிடமும் ஒரே புத்தகம் இருந்தது. சங்கு ஓய்ந்ததும் இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வார்கள். முதல் வாக்கியத்தை அண்ணா படிப்பான். அடுத்ததைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நோபு படிப்பான். பிறகு அண்ணா, பிறகு நோபு. யாராவது ஒருவன் மனசு மைதானத்துக்குப் போனால், தன் முறை வரும்போது இடம் தெரியாமல் தடுமாறுவான். சுவருக்கு மறுபுறம் மற்றவன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு இருந்த மரியாதை அப்பாவின் இருமலுக்குக் கிடையாது. நாலைந்து மாசத்தில் அண்ணாவுக்குப் படிப்பில் நிஜமாகவே மனசு நிற்க ஆரம்பித்தது.

எனக்கு அதில் என்ன வேலை என்றால், கொசு கடிக்காமல் விசிற வேண்டும். சும்மா விசிறுவேனா? ஒவ்வொரு பாஸேஜ் முடிந்ததும் அதில் உள்ள கதையைத் தமிழில் சொன்னால்தான் விசிறி அசையும் என்று ஒப்பந்தம். அப்படித்தான் பனி மூடிய தேசத்துச் செருப்புத் தைப்பவன், கலங்கரை விளக்கத்துக் காவல்காரன், தேனீ வளர்த்த பாதிரி என்று யார் யாரோ பவானிபூர்ப் புகைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். இங்கிலீஷ் எழுத்து எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்திருந்தது, அர்த்தம் வரவில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு நோபு எந்தச் சொல்லை எப்படி இழுப்பான், எங்கே மூச்சு விடுவான் என்பது மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

அந்த வருஷம் துர்கா பூஜை முடிந்து கொட்டகைகளைப் பிரித்துக்கொண்டிருந்த நாட்களில் நோபுவுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்றார்கள். டாக்டர் வண்டி வாசலில் நிற்பதும் போவதுமாக இருந்தது. ஒரு சாயங்காலம் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சந்தில் ஒவ்வொரு வீடாகச் சங்கு ஊதி ஓய்ந்தது. பக்கத்து வீட்டில் மட்டும் ஊதவில்லை. அம்மா களைந்த தண்ணீரைக் கொட்டாமல் பாத்திரத்தைப் பிடித்தபடியே நின்றாள். இத்தனை வருஷமாகச் சங்கு கேட்டால் பயந்தவள், அன்று அது கேட்காததால் புரிந்துகொண்டாள். "போயிடுத்துடி குழந்தை" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நான் அழுதேன். அண்ணா அழவில்லை. காரியமெல்லாம் முடிந்து, சந்தில் மறுபடி பொரா தொடங்கிய ஒரு நாள், விளக்கைத் தூண்டிக்கொண்டு புத்தகத்தோடு பழைய இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். அப்பாவுக்கு நிம்மதி. பையன் மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டான் என்று அம்மாவிடம் சொன்னார்.

அண்ணா உரக்கப் படித்தான். ஒரு வாக்கியம் படித்துவிட்டுச் சற்று நிறுத்தினான், கூடத்திலிருந்து அப்பா இருமினார், மறுபடி படித்தான். மறுபடி நிறுத்தல், மறுபடி இருமல். களைப்பு என்று நினைத்தேன். பாஸேஜ் முடிந்ததும் விசிறியைக் கீழே வைத்துவிட்டு வழக்கம்போல் கதை கேட்டேன்.

"ஒரு வியாபாரி. குதிரை மேலே ஏறிண்டு பொறப்பட்டான்" என்றான்.

"அப்பறம்?"

"அப்பறம் சட்டையை நெருப்புகிட்ட காயப் போட்டான். அந்தக் கிழவி அவனுக்கு ரொட்டி கொடுத்தா."

"சட்டை எப்படி நனைஞ்சுது? எந்தக் கிழவி?"

அண்ணா புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல், "அது நோபு வரியிலே இருக்கும்" என்றான்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் ஒரு வரி விட்டு ஒரு வரிதான் படித்திருக்கிறான். நிறுத்திய இடத்திலெல்லாம் நோபு தன் வரியைப் படித்து முடிப்பதற்காகக் காத்திருக்கிறான். கேட்டால் ஒளிக்கவும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நோபு படிப்பது தனக்குக் கேட்கிறது என்றும், சொற்கள்தான் தெளிவாக இல்லை, குளத்துக்கு அடியிலிருந்து பேசுகிறமாதிரி இருக்கிறது என்றும், உற்றுக் கேட்டால் பிடிபடலாம் என்றும் சொன்னான். அப்படி உற்று உற்றுக் கேட்டு, தன் வரியும் மனசில் பதியாமல், ஒவ்வொரு பாஸேஜும் அவனுக்குப் பாதிக்குப் பாதி ஓட்டையாயிற்று. பள்ளிக்கூடத்தில் வைத்த பரீட்சையில் பாஸேஜுக்கு முட்டை. மாசி முடிந்தால் பெரிய பரீட்சை.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அப்பாவிடம் சொன்னால் நம்ப மாட்டார். அம்மா உடனே நம்பினாள், அதுதான் சங்கடம். சின்ன வயசில் ஆசையோடு போனவன் இடத்தைவிட்டுப் போக மாட்டான் என்று பயந்து, தன்னுடைய பழைய புடவை ஒன்றைச் சுருட்டி, நாற்காலி போட்டு ஏறி, குல்குலியை அடைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் அண்ணா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயைத் திறக்கவே இல்லை. அப்பா இருமி இருமி நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது.

மறுநாள் மத்தியானம் மாஷிமா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நோபு போன பிறகு அவள் வாசற்படி தாண்டி வந்தது அதுதான் முதல் தடவை. அம்மாவின் வங்காளி கறிகாய் வாங்குகிற அளவுக்குத்தான். ஆனாலும் அன்று அவள் சொன்னது முழுவதும் அம்மாவுக்குப் புரிந்தது. "துணியை எடுத்துடு தீதி. ஷாமா படிக்கிற சத்தம் வந்தாத்தான் நான் எழுந்து உலை வைக்கிறேன். நேத்து வரலை. வீட்டுக்காரர் வந்து பார்த்தார், அடுப்பே மூட்டலை" என்றாள். அழவில்லை, கெஞ்சவும் இல்லை. அம்மா போய் நாற்காலியைப் போட்டு, தான் அடைத்த புடவையைத் தானே உருவி எடுத்தாள். பிறகு சமையலறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

ஆக, அண்ணா படித்தாக வேண்டும், படித்தால் நோபு வருவான், நோபு வந்தால் பாஸேஜ் ஓட்டை. பெரியவர்கள் யாருக்கும் இதற்கு வழி தெரியவில்லை. எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்பு முழுசாகக் கிடைத்துக்கொண்டிருந்த கதை இப்போது எலி கடித்த அப்பளம்போல் கிடைக்கிறது என்பதுதான். அதில் எனக்கு ஆத்திரம். ஒரு சாயங்காலம் அவன் முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டுத் தலையைச் சாய்த்து உற்றுக் கேட்க ஆரம்பித்ததும், நான் விசிறியைப் போட்டுவிட்டு அவன் தோள் வழியாக எட்டிப் பார்த்து, அடுத்த வாக்கியத்தை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன்.

அண்ணா என்னை அடித்ததே இல்லை. அன்று கை ஓங்கிவிட்டான். "அது அவன் வரி. நீ படிக்கப்படாது" என்றான். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. கோபத்தால் மட்டும் இல்லை. எனக்கு இங்கிலீஷ் காதில் விழுந்ததெல்லாம் நோபுவின் வாயிலிருந்து. அவன் இழுக்கிற இடத்தில் இழுத்து, அவன் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டு, அவன் வாயை உருட்டுகிற மாதிரியே உருட்டி நான் அந்த வரியைப் படித்திருந்தேன். வேறு மாதிரி படிக்க எனக்குத் தெரியாது.

அம்மா ஓடி வந்தாள். "பொண் குழந்தையை அந்த இடத்துல உக்கார வெக்காதேடா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. மாஷிமா தினமும் அந்த நேரத்தில் அங்கே வந்து, மகன் சாய்ந்த இடத்தில் சாய்ந்து உட்காருவாள் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு குல்குலி வழியாக ஒரே ஒரு சொல் வந்தது. "பொருக்" என்றாள். படிக்கட்டும் என்று அர்த்தம்.

அம்மா என் கையை விட்டாள். ஆனாலும் மனசு கேட்காமல், பூஜை அலமாரியிலிருந்து திருநீற்றை எடுத்து வந்து என் நெற்றியில் அப்பிவிட்டுத்தான் போனாள். அன்றிலிருந்து பரீட்சை வரைக்கும் தினமும் சங்கு ஓய்ந்ததும் எனக்குத் திருநீறு, அதற்குப் பிறகு நோபு வரி. கூடத்தில் அப்பாவுக்கு என்ன நடக்கிறது என்று பாதிதான் தெரியும். "சத்தம் அறுந்து போகாம வரதே, அது போறும்" என்றார்.

நான் படித்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியத்தில் நாலு சொல்லாவது கல்லில் இடறினமாதிரி விழும். முதல் சில நாட்கள் அண்ணா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். பிறகு தாங்க முடியாமல் திருத்த ஆரம்பித்தான். திருத்த வேண்டுமானால் என் வரியையும் அவன் கண்ணால் பார்க்க வேண்டும்; பார்த்த பிறகு, எந்தச் சொல்லை நான் கொலை செய்தேன் என்று சொல்ல, அதன் அர்த்தமும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் வேறு விடாமல், இது என்ன, இவன் ஏன் அப்படிச் செய்தான், அந்தக் கிழவி இவனுக்கு என்ன உறவு என்று பிடுங்கி எடுப்பேன். நிறுத்தி உற்றுக் கேட்க அவனுக்கு நேரம் கொடுக்கவே இல்லை. இது ஒன்றும் யோசித்துச் செய்ததில்லை. எனக்குக் கதை முழுசாக வேண்டும், அவ்வளவுதான்.

பனி குறைந்து, காலையில் குயில் கத்தத் தொடங்கியிருந்தது. அன்றைய பாஸேஜ் ஒரு படகுக்காரனைப் பற்றியது. அக்கரையில் யாரோ கூப்பிடுகிறமாதிரி கேட்டு, புயல் மழையில் படகை ஓட்டிக்கொண்டு போகிறான்; போனால் அங்கே யாருமில்லை, ஒரு ஆட்டுக்குட்டிதான் முள்ளில் மாட்டிக்கொண்டு கத்துகிறது; அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறான். அண்ணா இதை ஆதியோடு அந்தமாக, ஒரு இடம் விடாமல் சொன்னான். முள் எந்த மாதிரி முள் என்றுகூடச் சொன்னான். நான் சந்தோஷத்தில் விசிறியைச் சுழற்றி, "இன்னிக்குத்தான் ஓட்டை இல்லாம சொன்னே" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். அப்புறம் புத்தகத்தின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு, நோபு போன அன்று அழாததையெல்லாம் சேர்த்து அழுதான். "இன்னிக்கு அவன் வரலைடி" என்றான். "நான் கேக்கவே மறந்துட்டேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் மாஷிமா இருந்தாளா, இருந்தால் அவள் காதில் அழுகை விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அங்கேயிருந்து வளையல் சத்தம் வரவில்லை. அப்பாவும் இருமவில்லை. கூடத்திலிருந்து எழுந்து வந்து, அறை வாசலில் சற்று நின்றுவிட்டு, விளக்கின் திரியைத் தேவையில்லாமல் ஏற்றி இறக்கிவிட்டுப் போனார்.

வங்காளிகள் வீட்டில் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் நெற்றியில் அம்மா தயிரைத் தொட்டுப் பொட்டு வைத்து அனுப்புவாள். பரீட்சை தொடங்கிய அன்று காலையில் மாஷிமா ஒரு மண் கிண்ணத்தில் தயிரோடு வந்தாள். அண்ணாவுக்கு வைத்தாள். தலையில் கை வைத்து ஏதோ முணுமுணுத்தாள். பிறகு மறுபடி விரலைத் தயிரில் தோய்த்துவிட்டாள். தோய்த்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. வெள்ளை விரலைத் தூக்கிப் பிடித்தபடி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் எங்கள் கூடத்தில் நின்றாள். அம்மாதான் என்னைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். நோபு இடத்தில் என்னை உட்கார வைக்காதே என்று துடித்தாளே, அதே அம்மா. "இவளுக்கு வெச்சுடுங்கோ" என்று தமிழிலேயே சொன்னாள். மாஷிமா என் நெற்றியில், காலையில் அம்மா இட்டிருந்த திருநீற்றுக்கு மேலேயே, அந்தப் பொட்டை வைத்தாள். தயிர் சில்லென்று மூக்கு வழியாக வழிந்தது. நான் துடைத்துக்கொள்ளவில்லை.

அண்ணா பாஸ் பண்ணினான். பிரமாதமாக இல்லை, ஆனால் நன்றாகவே. காலேஜில் சேர்ந்தான், ரசாயனம் படித்தான், ஒரு கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று மதராஸுக்கே போய்விட்டான். கோர்ட்டுக்காரருக்கு மாற்றலாகி, நோபுவின் வீட்டார் எங்களுக்கு முன்பே பவானிபூரை விட்டுப் போனார்கள். மாஷிமாவை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. நானும் பின்னால் மெட்ரிகுலேஷன் எழுதி, டீச்சராகி, கல்கத்தாவிலேயே தங்கிவிட்டேன். என் இங்கிலீஷைக் கேட்டவர்கள் எல்லோரும் நான் வங்காளிப் பெண் என்றே நினைத்தார்கள்.

இப்போது கரியாஹாட்டில் மாடி வீட்டில் இருக்கிறேன். போன மாதம் ஒரு வேலையாகப் பவானிபூர் போனபோது கால் தானாக அந்தச் சந்துக்குள் திரும்பியது. வீட்டை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள். நடுச்சுவர் எங்கே ஓடியது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அந்தி நேரம். கரிப் புகை இல்லை. எங்கேயோ ஒரு வீட்டில் சங்கு ஊதினார்கள். அது ஓய்ந்ததும் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ரேடியோ கேட்டது, ஸ்கூட்டர் கேட்டது. கீழ் ஜன்னலில் ஒரு பெண் மேஜை விளக்கடியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், உதடு அசையவில்லை. அவள் மனசு புத்தகத்தில் இருக்கிறதா, வேறெங்கேயாவது இருக்கிறதா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று வெளியே இருப்பவளுக்கு எப்படித் தெரியும்?

அண்ணாவைக் கடைசியாகப் பார்த்தது அவன் பேத்தி கல்யாணத்தில். எனக்கு ஒரு பழைய கேலி உண்டு. நான் இல்லாவிட்டால் நீ இன்னமும் ஜெட்டியில் மூட்டை குறித்துக்கொண்டு நின்றிருப்பாய் என்பேன். எப்போது சொன்னாலும் சிரிப்பான். அந்தத் தடவை சிரிக்கவில்லை. பந்தலில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"பரீட்சையில பாஸேஜை ஒரே மூச்சில படிச்சுட்டேன், தெரியுமோ" என்றான். "எல்லாத்துக்கும் பதிலும் எழுதிட்டேன். நேரம் நிறைய பாக்கி இருந்தது. மறுபடி முதல்லேருந்து எடுத்து, ஒரு வரி விட்டு ஒரு வரியா மனசுக்குள்ள படிச்சேன். அவன் வரி வர எடத்துல எல்லாம் நிறுத்தினேன்."

"எதுக்குடா?"

"வரானான்னு பாக்கத்தான். பரீட்சை முடிஞ்சுதே, இனிமே வந்தா என்னன்னு நெனச்சேன். மணி அடிச்சு பேப்பரைப் பிடுங்கிண்டு போறவரைக்கும் பாத்தேன். அதுக்கப்பறமும் பாத்திருக்கேன். பேப்பர் படிக்கறச்சே, ஆபீஸ் கடுதாசி படிக்கறச்சே."

அடுத்து வந்த தை மாதமே அவனும் போய்விட்டான். ஓட்டையை அடைத்து அண்ணாவைக் கரை சேர்த்தவள் என்று இத்தனை வருஷமும் நான் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். கரை சேர்ந்தது நிஜம்தான். ஆனால் அந்த இடைவெளியில்தான் நோபு இருந்தான். அங்கே என் குரலைக் கொண்டுபோய்க் கொட்டி அவனை வெளியே தள்ளியவளும் நான்தான். 'பொருக்' என்று சொல்வதற்கு முன்னால் மாஷிமா அந்தக் கொஞ்ச நேரம் ஏன் பேசாமல் இருந்தாள் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.